முட்டி எவ்வளவு மடங்குகிறது? அளந்து எழுதும் முறை

பாலக்கோடு பக்கம் தக்காளிக் கூடை தூக்கும் அண்ணன் ஒருவர், மாவுக்கட்டு பிரித்துவிட்டு எங்கள் பிசியோதெரபி கிளினிக்குக்கு வந்தார். திங்கட்கிழமை நான் முட்டியை அளந்து 95 டிகிரி என்று எழுதினேன். புதன்கிழமை என்னோடு வேலை பார்ப்பவர் அளந்து 80 என்று எழுதிவிட்டார். "என்னங்க சார், ரெண்டு நாள்ல இப்படிக் கொறஞ்சு போச்சு" என்று அண்ணனுக்கு முகமே வாடிவிட்டது. முட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் மல்லாக்கப் படுக்க வைத்து அளந்தேன், அவர் குப்புறப் படுக்க வைத்து அளந்திருக்கிறார். தொடையின் முன்பக்கத் தசையில் ஒரு பகுதி இடுப்பையும் முட்டியையும் சேர்த்துக் கடப்பதால், குப்புறப் படுத்தால் அது இழுத்துப் பிடித்துக்கொள்ளும், மடக்கம் குறைவாகத்தான் வரும். இதை இரண்டு பேருமே ஷீட்டில் எழுதவில்லை, தப்பு அங்கேதான்.

அதனால் கிளினிக்கில் புதிதாகச் சேருபவர்களுக்கு நான் முதலில் சொல்வது, டிகிரியை எழுதும்முன் எந்த நிலையில் படுக்க வைத்தீர்கள், நோயாளி தானாக அசைத்தாரா நீங்கள் அசைத்தீர்களா என்பதை எழுதுங்கள். அடுத்த முறையும் அதே நிலை, அதே கோனியோமீட்டர் (நடுவில் கோண அளவும், ஸ்கேல் போல இரண்டு கைகளும் உள்ள கருவி), முடிந்தால் அதே ஆள்.

சரி, முட்டிக்கு வருவோம். மல்லாக்கப் படுக்க வைத்து, குதிகாலைக் கட்டிலில் உரசியபடியே பிட்டத்தை நோக்கி இழுக்கச் சொல்லுங்கள். கோனியோமீட்டரின் நடு அச்சு முட்டிக்கு வெளிப்பக்கம், தொடை எலும்பின் கீழ்முனையில் கைக்குத் தட்டுப்படும் புடைப்பின் மேல் இருக்கட்டும். அசையாத கை இடுப்புப் பக்கவாட்டு எலும்பை நோக்கியும், அசையும் கை கணுக்காலின் வெளிப்பக்கம் புடைத்திருக்கும் எலும்பை நோக்கியும் போக வேண்டும். அந்த இடுப்பு எலும்பைக் கண்டுபிடிக்கத்தான் பலரும் திணறுவார்கள். பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்து, காலை உள்ளேயும் வெளியேயும் உருட்டினால் விரலடியில் ஒன்று புரளும், அதுதான். புடவை, வேட்டி மேலே குத்துமதிப்பாகக் கை வைத்தால் 10 டிகிரிகூட மாறலாம், அதற்காகத் திரை இல்லாமல் துணியை விலக்கச் சொல்லாதீர்கள், பெண்கள் வந்தால் பெண் ஊழியர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். எண்ணைப் படிக்கும்போது குனிந்து, கண்ணை அளவுகோலின் மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். நின்றபடியே மேலிருந்து பார்த்தால் தப்பாகத்தான் தெரியும்.

முதலில் அவராக மடக்கட்டும், அப்புறம் நீங்கள் மெதுவாக மடக்குங்கள். நீங்கள் மடக்கும்போது நிறைய கூடினால் தசை பலவீனமோ வலியோ காரணமாக இருக்கலாம், இரண்டிலும் ஒரே இடத்தில் நின்றால் மூட்டே இறுகியிருக்கலாம். கடைசியில் கைக்கு எப்படித் தட்டுகிறது என்பதையும் கவனியுங்கள், மெத்தென்று நிற்கிறதா, தோல்வார் இழுத்தாற்போல நிற்கிறதா, எலும்பில் முட்டினாற்போலவா. ஆனால் எலும்பு கூடாத முறிவு, புதிதாக நழுவிய மூட்டு, தைத்த தசைநாண் என்றால் அறுவைசிகிச்சை டாக்டரைக் கேட்காமல் தள்ளிப் பார்க்கவே கூடாது.

தோள் கொஞ்சம் ஏமாற்றும். கையைப் பக்கவாட்டில் தூக்கச் சொன்னால், முடியாதவர் உடம்பைச் சாய்த்து, தோளைக் காதுவரை ஏற்றிக் காட்டிவிடுவார். மாங்காய் சீசனில் கிருஷ்ணகிரி தோப்புகளில் தொரட்டி பிடிப்பவர்கள் இதில் கைதேர்ந்தவர்கள், வலியோடே வேலையை முடித்துப் பழகியவர்கள் ஆயிற்றே. படுக்க வைத்து அளந்தால் பாதி ஏமாற்று அடங்கும். உள்ளங்கை மேலே பார்க்கும்படி திருப்பித் தூக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் எலும்பு இடித்துப் பாதியில் நின்றுவிடும். சர்க்கரை உள்ளவருக்குத் தோள் இறுகியிருந்தால், கையை வெளிப்பக்கம் திருப்புவதையும் அளக்காமல் விடாதீர்கள், பெரும்பாலும் அதுதான் அதிகமாகக் குறைந்திருக்கும்.

ஓசூர், தேன்கனிக்கோட்டை பக்கத்திலிருந்து தெலுங்கோ கன்னடமோ பேசுபவர் வந்தால், வாயால் விளக்குவதைவிட உங்கள் கையைத் தூக்கிக் காட்டுவது சுலபம். எனக்கு இரண்டு மொழியும் அரைகுறைதான்.

எழுதும்போது தொடக்கம், முடிவு இரண்டையும் போடுங்கள். 10–95 என்றால் கடைசி 10 டிகிரி நீட்ட வரவில்லை, 95 வரை மடங்குகிறது என்று அர்த்தம். மைனஸ் 10 என்று எழுதாதீர்கள், ஒருவர் அதை நீட்டக் குறைவு என்று படிப்பார், இன்னொருவர் அளவுக்கு மீறி நீள்கிறது என்று படிப்பார். போன வாரத்தைவிட 5 டிகிரி கூடியிருந்தால் உடனே சந்தோஷப்படவும் வேண்டாம், அது அளவெடுப்பதில் வரும் வித்தியாசமாகவே இருக்கலாம்.

பாடப் பட்டியலில் முட்டிக்கு 135 என்று போட்டிருப்பார்கள். களை எடுக்கக் குந்தி உட்காருபவருக்கு அது போதாது. அதனால் குந்த வைக்கலாம் என்ற நிலைக்கு அவர் வந்த பிறகு, குதிகாலுக்கும் பிட்டத்துக்கும் நடுவில் எத்தனை சென்டிமீட்டர் என்று டேப்பால் அளந்து, டிகிரிக்குப் பக்கத்திலேயே எழுதிவிடுவேன்.