பிட்காயின் முகவரிக்குக் கெடு வைப்பது எப்படி

பிட்காயின் முகவரி காலாவதி ஆகாது. அதற்குள் தேதி எதுவும் கிடையாது. 2015-இல் கொடுத்த முகவரிக்கு இன்று அனுப்பினாலும் பணம் போய் உட்காரும். அந்தப் பணத்தை எடுக்கும் ரகசியச் சாவி இன்னும் உங்கள் கையில் இருக்கிறதா என்று நெட்வொர்க் கேட்காது. பழைய போனோடு, சாவியை மீட்கும் சீட் சொற்களும் போயிருந்தால் பணமும் போனதுதான்.

வங்கிச் செக்குக்கு 3 மாதக் கெடு இருப்பதுபோல இதற்கும் வேண்டும் என்பதே எங்கள் வாதம். கெடுவை முகவரிக்குள்ளேயே நாள் கணக்கில் எழுதினால் 2 பைட் போதும்: 65,536 நாள், கிட்டத்தட்ட 179 வருஷம். ஒரே முகவரியை வருஷக்கணக்கில் வெளியில் போட்டு வைக்கும் சைலன்ட் பேமென்ட்ஸ் முறைக்கு இது இன்னும் அவசியம். ஆனால் அந்தத் தேதியைப் பார்க்கப்போவது அனுப்புகிறவரின் வாலட் மட்டுமே, பிட்காயினின் பொதுப் பதிவேடான பிளாக்செயின் தடுக்காது. எனவே இப்போதைக்குக் கெடுவை இன்வாய்ஸில் வையுங்கள்.

ஓசூரில் ஒரு டிசைன் ஸ்டுடியோ, சேலத்து வாடிக்கையாளருக்கு 25,000 ரூபாய்க்குப் பில் போடுகிறது என்று வைத்துக்கொள்வோம். பிட்காயினில் பில் போட உதவும் பிடிசிபே சர்வர் என்ற மென்பொருள் ஒவ்வொரு பில்லுக்கும் புது முகவரி எடுத்துக் கொடுக்கும். கெடு 15 நிமிடம் என்று போட்டிருக்கும். எதிரில் நின்று க்யூஆர் ஸ்கேன் செய்பவருக்கு அது தாராளம். பிட்காயின் வாங்கி விற்கும் எக்ஸ்சேஞ்சிலிருந்து அனுப்புபவருக்குப் போதாது, அங்கே பணத்தைச் சரிபார்த்துத்தான் வெளியே விடுவார்கள். 60 நிமிடமாக மாற்றுங்கள். ஒரு நாள் என்று நீட்டாதீர்கள். நடுவில் பிட்காயின் விலை இறங்கினால் நட்டம் உங்கள் தலையில்.

பரிவர்த்தனை நெட்வொர்க்கில் தென்பட்ட நேரத்தைத்தான் கெடுவுக்குக் கணக்கிட வேண்டும், பிளாக்கில் (பரிவர்த்தனைகள் பதிவாகும் தொகுதி) ஏறிய நேரத்தை அல்ல. பிளாக் சராசரியாக 10 நிமிடத்துக்கு ஒன்று. சில சமயம் ஒரு மணி நேரமும் இழுக்கும். உறுதியாவதற்குத் தனிக் கெடு உண்டு, அதை 1440 நிமிடத்திலேயே விட்டுவிடுங்கள்.

கெடு தாண்டி வந்தால் பில்லில் தாமதமாகச் செலுத்தப்பட்டது என்று காட்டும். பணம் வந்துவிட்டது, மறுபடி அனுப்பச் சொல்லாதீர்கள். வந்த நேரத்து விலையில் கணக்குப் போட்டு, குறைந்தால் மீதியைக் கேளுங்கள், மிஞ்சினால் அடுத்த பில்லில் கழியுங்கள். திருப்பித் தருவதென்றால் அனுப்பிய முகவரிக்கே அனுப்பக் கூடாது. அது எக்ஸ்சேஞ்சின் பொது முகவரியாக இருக்கலாம். புது முகவரி கேட்டு வாங்குங்கள்.

பலரும் கோட்டை விடுவது கேப் லிமிட்டில், அதாவது எத்தனை காலி முகவரி வரை வாலட் தேடும் என்ற வரம்பில். பணம் வராமல் காலாவதியான பில் ஒவ்வொன்றும் ஒரு முகவரியைத் தின்றுவிடும். தொடர்ந்து 20 முகவரி காலியாக இருந்தால் பெரும்பாலான வாலட்கள் அதோடு தேடுவதை நிறுத்திவிடும். சீட் சொற்களைப் போட்டு வேறு கருவியில் திறக்கும்போது, 25-ஆவது முகவரிக்கு வந்த பணம் கண்ணில் படாது. பணம் தொலையவில்லை, ஸ்பாரோ வாலட்டில் செட்டிங்ஸ், அட்வான்ஸ்டு போய்க் கேப் லிமிட்டை 200 ஆக்கினால் தெரியும்.

பிட்காயினின் மேல் ஓடும் வேகமான லைட்னிங் நெட்வொர்க்கில் இந்தத் தொல்லை இல்லை. கெடு குறிப்பிடாவிட்டால் 3600 விநாடி. தாண்டினால் பணம் அனுப்புகிறவரிடமே இருக்கும்.

தருமபுரி கடைவீதியில் போர்டில் க்யூஆர் ஒட்டுகிறவர்கள் அதன் கீழேயே ‘மார்ச் 31 வரை மட்டும்’ என்று எழுதிவிடுங்கள். தேதி வந்ததும் போர்டை மாற்றலாம். பழைய சாவியை மட்டும் அழிக்கவே கூடாது, யாராவது போட்டோ எடுத்து வைத்திருப்பார்கள்.

வரி விஷயம் தனி: லாபத்துக்கு 30%, டிடிஎஸ் 1%, ஆடிட்டரிடம் முன்னாலேயே பேசிவிடுங்கள். வெளிநாட்டுப் பில்லுக்கு, கிருஷ்ணகிரி மாங்கூழானாலும் மென்பொருளானாலும், வங்கி வழிதான்.

முதல் பில் போடும் முன் ஒரு சோதனை: காலாவதியான பில்லுக்கு நீங்களே சிறு தொகை அனுப்புங்கள். பிறகு சீட் சொற்களை வேறு கருவியில் போட்டு, அந்தத் தொகை அங்கே தெரிகிறதா என்று பாருங்கள்.