மாசி பங்குனியில வளவு வேலை: முதல் தடவை செய்யிறவைக்கு

திருகோணமலைப் பக்கம் வருஷ மழையில பெரும்பங்கு ஐப்பசி தொடங்கி தை மட்டும்தான் விழும், வாடைக்காத்தோட. தை முடிய மழை ஓயும், மாசியில விடியப் பனி, பகல்ல இதமான வெயில், வளவு முழுக்க முழங்கால் உயரத்துக்குப் பச்சை. பாக்க வடிவுதான், ஆனா அந்தப் பச்சையை நம்பி இருந்திடாதேங்கோ. வைகாசியில கச்சான் அடிக்கத் தொடங்கிடும். தென்மேல் பருவக்காத்து மத்திய மலையில மழையைக் கொட்டிப்போட்டு வெறும் சூடா எங்கட பக்கம் இறங்கிறதுதான் அது, புரட்டாசி மட்டும் நிலத்தைக் காய வச்சுப்போடும். அதால மண்ணில கை வைக்கிற வேலை எல்லாத்தையும் ஈரம் இருக்கேக்கயே முடிச்சிடோணும், மிச்ச வேலையை ஆறுதலாப் பாக்கலாம்.

1. முதல்ல மண்ணைப் பாருங்கோ

மண்வெட்டி எடுக்க முதல் ஒரு சாண் ஆழத்தில இருந்து ஒரு பிடி மண் எடுத்து உள்ளங்கையில வச்சு இறுக்கிப் பொத்துங்கோ. கையைத் திறக்க உருண்டையா நிண்டு, பெருவிரலால ஒரு தட்டுத் தட்ட உதிர்ந்தா அதுதான் சரியான பதம், உடனே தொடங்கலாம். விரலுக்கு நடுவால தண்ணி கசிஞ்சா அல்லது களி மாதிரி ஒட்டிச்செண்டா இன்னும் நாலைஞ்சு நாள் விடுங்கோ, அந்த ஈரத்தில கொத்தினா கட்டி கட்டியா இறுகிப் பிறகு வெயிலுக்குக் கல்லாப் போயிடும். தம்பலகாமம் பக்கத்து வயல் மண்ணுக்கு இந்தப் பொறுமை கட்டாயம் வேணும். நிலாவெளி, குச்சவெளிக் கரையோர மணல் அப்பிடி இல்லை, அது கெதியாக் காய்ஞ்சிடும், அங்க இருக்கிறவை மழை விட்ட கையோடயே இறங்கோணும்.

2. புல்லு

வெட்டுறதை விடப் பிடுங்கிறது நல்லது, அதுக்குத்தான் ஈரம் வேணும். நாயுருவி, தொட்டாச்சிணுங்கி எல்லாம் இப்ப அடியில பிடிச்சு மெதுவா இழுக்க வேரோட வரும், பங்குனி கடைசியில அதே செடி இடுப்பை முறிச்சுப்போடும். நெருஞ்சியைத் தனியாத் தேடிப் பிடுங்குங்கோ. தரையோட படர்ந்து சின்ன மஞ்சள் பூ பூக்கிறது அது. பூ இருக்கேக்க பிடுங்கினா வேலை முடிஞ்சுது, காய் முத்த விட்டா அது அஞ்சு துண்டா உடைஞ்சு ஒவ்வொண்டும் முள்ளோட மண்ணுக்க கிடக்கும், பிள்ளையளின்ட காலுக்கும் சைக்கிள் டயருக்கும் அடுத்த வருஷமும் அதுதான் வினை. கோரையும் இலுக்கும் வேற மாதிரி, மேல இழுத்தா அறுந்து திரும்ப முளைக்கும், அலவாங்கால கிளப்பிக் கிழங்கையும் வேரையும் பொறுக்கி எடுத்தாத்தான் அடங்கும்.

பற்றைக்க கை விட முதல் தடியால தட்டுங்கோ. புடையனும் நாகமும் மழை விட்ட காலத்தில புல்லுக்கயும் விறகுக் குவியலுக்கயும் கிடக்கும், பூட்ஸ் போடாம இறங்காதேங்கோ. கடிச்சா கட்டு வைத்தியம் எண்டு நேரத்தை விடாம நேரா ஆஸ்பத்திரிதான். இன்னொண்டு, கனகாலம் ஆக்கள் இல்லாமக் கிடந்து இப்பதான் திரும்பிப் போற காணி எண்டா, மண்ணுக்க தெரியாத இரும்புச் சாமான் எதையும் தொடவோ தட்டவோ வேண்டாம், யுத்தக் காலத்து வெடிபொருளா இருக்கலாம். ஒரு அடையாளத்தை வச்சிட்டு, வந்த வழியாலயே திரும்பிப் போய்ப் பொலிசுக்கு அறிவியுங்கோ. யுத்தம் முடிஞ்சது 2009ல எண்டாலும் இந்த விஷயத்தில அவசரம் கூடாது.

3. தென்னைக்கு அடிமூடுறது

எல்லா வேலையிலயும் எனக்கு முக்கியமாப் படுறது இதுதான். பிடுங்கின புல்லு விதை வைக்காததெண்டா குப்பையில போட வேண்டாம், எரிக்கவும் வேண்டாம், தென்னை அடிக்குக் கொண்டு போங்கோ. மரத்தைச் சுத்தி ஆறடி தூரத்துக்கு முதல்ல லேசாக் கொத்தி, மாட்டெருவைப் பரவி, அதுக்கு மேல புல்லு, கிளிசரிடியாக் கொப்பு, கடைசியில பொச்சுமட்டை (தேங்காய் உரிச்ச மட்டை). மட்டையைக் குழிப்பக்கம் கீழ பாக்கக் கவுத்து வையுங்கோ, மல்லாத்தி வச்சா சித்திரை மழைத்தண்ணி அதுக்க நிண்டு நுளம்பு பெருகும், டெங்குக்கு நாங்களே இடம் குடுத்த மாதிரி. அடிமரத்தை ஒட்டிப் போடாதேங்கோ, ஒரு அடி இடைவெளி வேணும், இல்லாட்டி கறையான் ஏறும். இதை நிலம் ஈரமா இருக்கேக்க செய்தாத்தான் பிரயோசனம், காய்ஞ்ச நிலத்தை மூடினா மூடின மாதிரித்தான் இருக்கும், உள்ளுக்க ஈரம் இராது.

4. வேலி

கதியால்கள் (வேலிக்கு நட்டு வேர் விட்ட உயிர்க்கட்டையள்) மழைக்கு நல்லாத் தளிர்த்திருக்கும், நெஞ்சு மட்டத்துக்கு வெட்டி விடுங்கோ, இலை ஆட்டுக்கும் தென்னைக்கும் ஆகும். உக்கின கட்டையை ஆட்டிப் பாத்து மாத்துங்கோ, முள்ளுக்கம்பி தொய்ஞ்ச இடத்தை இழுத்துக் கட்டுங்கோ. புதுக் கதியால் இப்ப நட வேண்டாம், வேர் விட முதல் கச்சான் வந்திடும்.

5. கிணறு

கிணறு இறைச்சுத் துப்புரவாக்கிறது தண்ணி வத்தின ஆடி ஆவணி வேலை. இப்ப செய்ய வேண்டியது விழுந்த இலை குழையை வாளியால அள்ளுறதும், கட்டு வெடிச்சிருக்கோ எண்டு பாக்கிறதும், மேல வலை போடுறதும்தான். மழைக்கு வெள்ளம் உள்ளுக்க போன கிணறெண்டா பீ.எச்.ஐயிட்ட (பொதுச் சுகாதாரப் பரிசோதகரிட்ட) கேட்டு குளோரின் போட்ட பிறகு பாவியுங்கோ, அளவு தண்ணியின்ட கொள்ளளவைப் பொறுத்தது, கண்மதிப்பில போடாதேங்கோ. கடற்கரைப் பக்கம் இருக்கிறவை மோட்டரைத் தொடர்ந்து ஓட விடக்கூடாது. மணலுக்குள்ள நல்ல தண்ணி உப்புத்தண்ணிக்கு மேல மிதந்து கொண்டுதான் நிக்குது, வேகமா இறைக்க இறைக்கக் கீழ இருக்கிற உப்பு மேல ஏறும், ஏறினா கிணறு திரும்பத் தெளிய அடுத்த மழை வரைக்கும் பாத்துக்கொண்டிருக்கோணும். கொஞ்ச நேரம் இறைச்சு, நிப்பாட்டி, ஊற விட்டுத் திரும்ப இறையுங்கோ.

6. நேரம்

காலமை ஆறு தொடக்கம் ஒன்பதரை, பின்னேரம் நாலுக்குப் பிறகு. பங்குனி சித்திரையில நடுப்பகல் வெளி வேலை வேண்டாம், ஏப்ரல் 12, 13 மட்டில, வருஷப் பிறப்புக்குக் கிட்ட, சூரியன் திருகோணமலைக்கு நேர் மேலயே நிக்கும். அந்த ரெண்டு மாசமும் பின்னேரத்தில இடிமழையும் வரும். மழை சின்னதுதான், மின்னல் சின்னதில்லை. முழக்கம் கேட்டவுடன அலவாங்கு, மண்வெட்டியைப் போட்டிட்டு வீட்டுக்க போங்கோ, தென்னை பனைக்குக் கீழ ஒதுங்காதேங்கோ. மழை விட்ட பிறகு சிரட்டை, டயர், பூச்சட்டித் தட்டு எல்லாத்தையும் ஒருக்கா கவுத்து விடுங்கோ.

புதுக் கதியால், தென்னங்கண்டு, மாங்கண்டு நடுறதெல்லாம் ஐப்பசி முதல் மழைக்கு. குழியை மட்டும் இப்ப ஈரத்தோட வெட்டி இலை குழை போட்டு வச்சால், அதுக்குள்ள உக்கிப் பசளையாகிடும்.