வரம்பில் நின்று ஒருவித்திலையை அறிதல்

எங்கள் வயல் இலங்கையின் வன்னியில், முத்தையன்கட்டுக் குளத்தின் கீழ் இருக்கிறது. போன காலபோகத்தில் (மாரி மழையோடு விதைக்கிற போகம்) அண்ணனின் மகள் களை பிடுங்க உதவிக்கு வந்தாள். உயர்தரத்தில் உயிரியல் படிக்கிற பிள்ளை. விதைத்துப் பதினெட்டு நாளான வயலைப் பார்த்துவிட்டு, "மாமி, எல்லாம் ஒரே மாதிரித்தானே இருக்கு, எதைப் பிடுங்கிறது?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. நெல்லும் புல்தான், களையும் புல்தான். ஒருவித்திலை (விதைக்குள் ஒரே ஒரு விதையிலை உள்ளது), சமாந்தர நரம்பு, நார்வேர் என்று அவள் கொப்பியில் எழுதி வைத்திருந்த மூன்றும் இரண்டுக்கும் பொருந்தும். அன்றைக்கும் அதற்குப் பிறகும் அவளுக்குக் காட்டியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நெல்லின் இலை அடியில் தண்டைச் சுற்றிய உறையாக இருக்கும். மேலே ஓரிடத்தில் அந்த உறை முடிந்து இலைத்தாள் விரியும். அந்த மூட்டைப் பிடித்துத் தாளை மெல்லப் பின்னுக்கு வளையுங்கள். நெல்லானால் உட்பக்கத்தில் வெள்ளைச் சவ்வு ஒன்று, நுனி இரண்டாகப் பிளந்து, நாக்குப் போல நிமிர்ந்து நிற்கும். இரு பக்கமும் மயிருள்ள சின்னக் காதுகள் தண்டைக் கவ்வியிருக்கும். புற்களைகளான நெற்சப்பிக்கும் கோழிச்சூடனுக்கும் நாக்கும் இல்லை, காதும் இல்லை. அந்த மூட்டு வெறுமையாக இருக்கும். நான் கலியாணம் முடித்து வந்த முதல் போகத்தில் இது தெரியாமல், அடி சிவந்ததெல்லாம் களை என்று யாரோ சொன்னதை நம்பிப் பிடுங்கினேன். சில நெல்லினங்களுக்கும் அடி சிவந்துதான் இருக்கும். ஒரு வரம்போரம் முழுக்க நெல் போய்விட்டது. அதிலிருந்து நிறத்தை நான் கடைசியாகத்தான் பார்ப்பேன்.

பன்றிநெல் என்கிற களைநெல்லை மட்டும் இந்த வழியில் பிடிக்க முடியாது. அது நெல்லுக்குச் சொந்தம், நாக்கும் காதும் அப்படியே இருக்கும். கதிர் வரும்வரை பொறுக்க வேண்டும். பயிரை மிஞ்சி உயர்ந்து, மணியில் பெரும்பாலும் நீண்ட வாலோடு நிற்கும். தொட்டாலே மணி கொட்டிவிடும். அதனால் முற்றுவதற்கு முன்பே கதிரை வெட்டி வயலுக்கு வெளியே எடுத்துவிடுங்கள்.

அப்புறம் கோரை. தண்டைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் வைத்து உருட்டிப் பாருங்கள். புல் வழுக்கிக்கொண்டு உருளும், கோரை மூன்று விளிம்பும் தட்டுப்பட்டுத் தடக்கும். குறுக்கே வெட்டினால் முக்கோணம், உள்ளே சோறு என்கிற மென்சதை நிறைந்திருக்கும். புல்லின் தண்டில் கணு இருக்கும், கணுவுக்குக் கணு பெரும்பாலும் குழல். இலைகளை மேலிருந்து பார்த்தாலும் தெரியும்: புல்லுக்கு இரண்டு வரிசை, கோரைக்கு மூன்று வரிசை. குளத்தோரத்தில் உருண்டைத் தண்டுக் கோரைகளும் உண்டு. அவற்றைக் கணு இல்லாததை வைத்துத்தான் பிடிக்க வேண்டும். புல்லுக்கென்று விற்கிற களைநாசினி கோரையைக் கொல்லாது. ஆகையால் காசு கொடுத்து வாங்குவதற்கு முன் இந்த உருட்டல் அவசியம்.

இவ்வளவும் ஒருவித்திலைக்குள் ஒன்றிலிருந்து இன்னொன்றைப் பிரிப்பது. ஒரு செடி ஒருவித்திலைதானா என்பதை எப்படி அறிவது? நான் பிள்ளைக்குக் கச்சான் என்கிற நிலக்கடலையையும் பனங்கொட்டையையும் கொடுத்தேன். கச்சான் பருப்பு கையில் இரண்டாகப் பிளந்தது. அவை இரண்டு வித்திலைகள். முளைவிட்ட பனங்கொட்டையைக் கத்தியால் வெட்டினால் உள்ளே பூரான் இருக்கும். சின்ன வயதில் நாம் எல்லோரும் தின்றதுதான். அந்தப் பூரான் பனையின் ஒற்றை வித்திலையின் ஒரு பகுதி. கொட்டைக்குள் இருந்துகொண்டு உணவை உறிஞ்சிக் கிழங்குக்கு அனுப்புகிறது. தேங்காய்க்குள் வருகிற பூரானும் இதே வேலையைத்தான் செய்கிறது. இதைச் சொன்னபோது அவள் வெட்டிய பாதியை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பனையில் இன்னொன்றும் காட்டலாம். வன்னியில் ஷெல்பட்டுத் தலை போன பனைகளைப் பார்த்திருப்பீர்கள். பூவரசை வெட்டினால் பக்கத்தால் தளிர்க்கும். பனைக்கு உச்சியில் ஒரே ஒரு குருத்து. அது போனால் மரம் அவ்வளவுதான். விழுந்த பனையைத் தறித்துப் பாருங்கள். பாலை, முதிரை மரங்களில் உரிக்கிற மாதிரி பட்டை இல்லை, நடுவில் வைரமும் இல்லை. வெளிப்புறம்தான் வைரம், உள்ளே சோற்றில் நார்கள் சிதறிக் கிடக்கும்.

பூ இருந்தால் இதழ்களை எண்ணுங்கள். மூன்று, அல்லது ஆறு என்று வந்தால் அநேகமாக ஒருவித்திலை. இங்கேதான் பெயர்கள் நம்மை ஏமாற்றும். குளத்தில் பூக்கும் அல்லியை லில்லி என்கிறோம். ஆனால் அல்லியும் தாமரையும் ஒருவித்திலை அல்ல. இதழ்களை எண்ணிப் பாருங்கள், மூன்றின் கணக்கில் நிற்காமல் அடுக்கடுக்காகப் போகும். இலையில் நரம்புகள் நடுவிலிருந்து விரிந்து கிளைவிடும். அதே குளத்தில் அவற்றோடு கிடக்கும் கொட்டியும், கரையில் நிற்கும் சம்பும் ஒருவித்திலைகள்.

உண்மையான லில்லிக்குக் கிட்டிய சொந்தம் வேலியில் ஏறுகிற கார்த்திகைப்பூ. இலை நுனி சுருண்டு பற்றிக்கொள்ளும். பூ கீழே தொங்க, ஆறு இதழும் மேல்நோக்கி மடிந்து நெருப்புப் போல நிற்கும். கேசரம் என்கிற மகரந்த இழை ஆறு. சூல்தண்டு மட்டும் ஒரு பக்கமாகச் சட்டென்று மடங்கியிருக்கும். சூலகம், அதாவது காயாகிற பகுதி, இதழ்களுக்கு உட்பக்கம் இருக்கும். மழை விழுந்த சில நாளில் முற்றத்தில் பூக்கிற சின்ன லில்லியிலும் விஷமூங்கில் என்கிற பூச்செடியிலும் சூலகம் இதழ்களுக்குக் கீழே பச்சையாகப் புடைத்திருக்கும். அவை வேறு குடும்பம்.

கார்த்திகைப்பூவின் கிழங்கைத் தயவுசெய்து நன்றாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கிளையாகக் கலப்பை போல மடங்கியிருக்கும், அதனால்தான் கலப்பைக்கிழங்கு என்ற பெயரும் வந்தது. அதில் கொல்சிசின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது. வத்தாளங்கிழங்கு (சர்க்கரைவள்ளி) என்று நினைத்து அவித்துத் தின்று இறந்தவர்கள் இந்த நாட்டில் இருக்கிறார்கள். இலையும் பூவும் காய்ந்துபோன பிறகு மண்ணிலிருந்து எடுத்த கிழங்கை, கொடி எதுவென்று தெரியாமல் அடுப்பில் ஏற்றாதீர்கள். யாராவது தின்றுவிட்டால் வாந்தி வரும்வரை காத்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

கிழங்கென்றதும் இன்னொரு பெயர்க் குழப்பம். இராசவள்ளி ஒருவித்திலை, மரவள்ளி இருவித்திலை. வத்தாளையும் இருவித்திலைதான். ஆனால் இராசவள்ளியின் இலையைப் பார்த்தால் சமாந்தர நரம்பு இல்லை. காம்பிலிருந்து பல நரம்புகள் வில்லாக வளைந்து நுனியில் சேரும், இடையில் வலைபோலப் பின்னல். சேம்பிலும் அப்படித்தான் பின்னல் தெரியும். இதற்கு மறுபக்கமும் உண்டு. நட்டு வளர்த்த அக்கேசியாவின் இலை போன்ற பகுதியில் நரம்புகள் நீளவாக்கில் ஓடும். ஆனால் அது இருவித்திலை மரம், இலைபோலத் தெரிவது தட்டையான காம்பு. நரம்பை மட்டும் பார்த்து முடிவெடுக்க வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான்.

வாழை, மஞ்சள், இஞ்சி, மூங்கில், வெங்காயம் எல்லாம் ஒருவித்திலை. இவற்றில் யாருக்கும் குழப்பம் வராது. குழப்பம் வருவது முள்ளாகக் கூர்ந்து நிற்பவற்றில்.

வீட்டு முற்றங்களில் இப்போது யூக்கா வைக்கிறார்கள். அது அமெரிக்கக் கண்டத்துச் செடி. அங்கே அதற்கென்றே ஓர் அந்துப்பூச்சி மகரந்தத்தைச் சுமந்துபோய்ச் சேர்க்கும். அந்தப் பூச்சி இங்கே இல்லை, ஆகவே நாங்கள் தடி வெட்டி நட்டும் அடிக்கன்று பிரித்தும்தான் பெருக்குகிறோம். யூக்காவை எங்கள் ஆட்கள் கற்றாழை என்றே சொல்கிறார்கள். இலையை மடக்கிப் பாருங்கள். யூக்கா இலை மெல்லிய வாள், சதை கிடையாது, மரம்போல் அடித்தண்டு எழும்பும், வெள்ளைப் பூக்கள் மணிமணியாகத் தொங்கும். கற்றாழை இலையை முறித்தால் மஞ்சள் நீரும் வழுவழுப்பான சோறும் வரும். ஆனைக்கற்றாழை தடித்த இலையும் நுனியில் கருமுள்ளுமாக இருக்கும். பல ஆண்டுக்குப் பிறகு ஒரே ஒருமுறை கம்பம்போலப் பூத்தண்டு விட்டு, அந்தச் செடி செத்துவிடும். மருளுக்குத் தண்டே தெரியாது, இலை நிலத்திலிருந்தே எழும்பும், குறுக்கே வரிவரியாக இருக்கும். கள்ளியை முறித்தால் வெள்ளைப் பால் வடியும். அது இருவித்திலை, இந்தக் கூட்டத்தில் சேராது.

பார்க்கப் போகிறவர்களுக்கு நல்ல காலம் ஐப்பசி முதல் தை வரை. மழையில் எல்லாம் முளைத்துப் பூத்திருக்கும். ஒரு சவர அலகும் ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடியும் போதும். கைபேசியில் படம் எடுத்தால் பூவை மட்டும் எடுக்காமல், இலை தண்டில் சேரும் இடத்தையும் அடிக்கிழங்கையும் சேர்த்து எடுங்கள். மிதிவெடி எச்சரிக்கைப் பலகை நிற்கிற பக்கம், எவ்வளவு அழகான பூ தெரிந்தாலும், கால் வைக்க வேண்டாம். அந்தப் பூ பாதையோரத்திலும் எங்காவது பூத்திருக்கும்.