மீன் தொட்டியில் ஷாக் அடித்தால் செய்யக்கூடாதவை

தொட்டித் தண்ணீரில் கை வைத்ததும், நகக்கண் கிழிந்திருந்த இடத்தில் சுருக்கென்று ஒரு குத்து. மீன்கள் சாதாரணமாக நீந்திக்கொண்டிருந்ததால் கரண்டாக இருக்காது என்று மறுபடியும் கையை விட்டேன். அந்த முறை முழங்கை வரை இழுத்தது.

மீனை வைத்து முடிவு கட்டுவதுதான் முதல் தவறு. சுற்றியுள்ள தண்ணீர் முழுக்க ஒரே வோல்டேஜில் இருந்தால் மீன் வழியாகக் கரண்ட் பாயாது. வெறுங்காலோடு தரையில் நின்று கையை விடும் நாம்தான் அதற்கு வழி.

சுவிட்சை அணைத்தால் போதும் என்பது அடுத்தது. பழைய வீடுகள் பலவற்றில் சுவிட்சை, கரண்ட் திரும்பிப் போகும் வயரான நியூட்ரலில் மாட்டியிருப்பார்கள். சுவிட்ச் அணைந்திருந்தாலும் தொட்டியின் ஹீட்டருக்குள் கரண்ட் நிற்கும். பிளக்கையே பிடுங்குங்கள். பிளக்கோ போர்டோ நனைந்திருந்தால் அதைத் தொடாமல் மெயினை அணையுங்கள்.

டெஸ்டரைத் தண்ணீரில் விட்டுப் பார்ப்பதிலும் பயனில்லை. பழுதில்லாத மோட்டார் காயிலிலிருந்து வரும் தூண்டலுக்கே அது மினுக்கும். எரியவில்லை என்பதும் பாதுகாப்புக்கு உத்தரவாதம் இல்லை.

கரண்ட் அதிகமானால் தானாக விழும் சுவிட்சான எம்சிபி இருக்கிறதே என்று தைரியமாக இருப்பவர்களுக்காகத்தான் முக்கியமாக இதை எழுதுகிறேன். எம்சிபி காப்பது வயரை. 6 ஆம்பியர் எம்சிபி அதற்குக் கூடுதலாகக் கரண்ட் இழுத்தால்தான் விழும். இதயத்தை நிறுத்த அதில் மிகச் சிறிய பங்கே போதும். ஆளைக் காப்பது 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி. போகும் கரண்டுக்கும் திரும்பும் கரண்டுக்கும் வித்தியாசம் வந்தால் அது துண்டித்துவிடும். 'அடிக்கடி ட்ரிப் ஆகுது, தொல்லை' என்று எலக்ட்ரீஷியனை வைத்து அதைக் கழற்றிவிடுபவர்கள் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். எங்கோ கரண்ட் கசிகிறது என்றுதான் அது சொல்கிறது.

கசிவது எது என்று பார்க்க எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு, தண்ணீரில் கை வைக்காமல், ஒவ்வொன்றாகச் சொருக வேண்டும். இங்கே அவசரப்படுவதுதான் தவறு. ஹீட்டரைச் சொருகியதும் ட்ரிப் ஆகவில்லை என்பதால் அது நல்லது என்று அர்த்தமில்லை. தண்ணீர் சூடாக இருந்தால், சூட்டைப் பார்த்து ஹீட்டரை ஆன், ஆஃப் செய்யும் தெர்மோஸ்டாட் கரண்டை உள்ளே விடாது. அரை மணி கழித்து 'டிக்' என்று ஆன் ஆகும்போதுதான் ட்ரிப் ஆகும். எனவே தெர்மோஸ்டாட்டை ஏற்றி வைத்து, ஹீட்டரின் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள்.

நம் ஊர்ச் சூட்டில் ஹீட்டர் பெரும்பாலும் மீன்களுக்கு வெண்புள்ளி நோய் வந்தால்தான் அலமாரியிலிருந்து வெளியே வரும். அது கெடுவது தண்ணீர் மாற்றும்போது. மட்டம் இறங்கியதும் காற்றில் காய்ந்து சூடேறிய கண்ணாடியில் புதுத் தண்ணீர் பட்டால் விரிசல்தான். மாற்றுவதற்குக் கால் மணி நேரம் முன்பே பிளக்கைப் பிடுங்கி, தண்ணீருக்குள்ளேயே ஆறவிடுங்கள்.

ஏர் பம்பைத் தரையில் வைத்தால், கரண்ட் போகும்போது தொட்டித் தண்ணீர் டியூப் வழியாக அதற்குள் இறங்கும். தண்ணீர் மட்டத்துக்கு மேலே வையுங்கள். முடியாவிட்டால் டியூபில் ஒருவழி வால்வு போடுங்கள். வயர்களும் தொட்டியிலிருந்து நேராகப் போர்டுக்கு இறங்கக் கூடாது. பிளக்கைவிடத் தாழ்வாக ஒரு வளைவு தொங்கினால் சொட்டு அங்கேயே கீழே விழும். பிளக் பின்னில் பச்சை பூத்திருந்தால் ஏற்கெனவே தண்ணீர் அங்கே போயிருக்கிறது.

தண்ணீருக்குள் மூழ்கும் வயர் பிய்ந்தால் இன்சுலேஷன் டேப் சுற்றிச் சமாளிக்காதீர்கள். அந்த மோட்டாரை மாற்றத்தான் வேண்டும்.

என் தொட்டியில் கசிந்தது ஹீட்டர். வெளிச்சத்தில் பிடித்தபோது மூடிக்குக் கீழே மயிரிழையாக ஒரு விரிசல், குழாய்க்குள் மூன்று நான்கு நீர்த்துளிகள். வேறு யாரும் எடுத்துச் சொருகிவிடக் கூடாது என்று, வயரை வெட்டிவிட்டுத்தான் குப்பையில் போட்டேன்.