வீட்டுப் போர்ச்சில் ஹோண்டா பி16ஏ இன்ஜினைப் பிரித்துக் கட்டுவது எப்படி? முதன்முறை செய்பவர்களுக்கு

சுங்கை சிப்புட் போன்ற தோட்டத்து ஊர்களில் பழைய சிவிக்கில் ஹாஃப் கட் (வெட்டி இறக்குமதியான பழைய காரின் முன்பாதி) பி16ஏ இன்ஜினை ஏற்றி ஓட்டுபவர்கள் நிறைய. 1595 சிசிதான், ஆனால் நிமிடத்துக்கு 8,000 சுற்றைத் தாண்டிச் சுழலும். அந்த வேகத்தில் மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு பிசகினாலும் பேரிங் தாங்காமல் போகலாம். அதனால் போல்ட் முறுக்கும் நேரத்தைவிட, அளப்பதற்கும் கழுவுவதற்கும் அதிக நேரம் ஒதுக்குங்கள்.

பிரிப்பதற்கு முன்: கம்ப்ரஷன்

இன்ஜினைச் சூடாக்கி, நான்கு பிளக்கையும் கழற்றுங்கள். பெட்ரோலையும் இக்னிஷனையும் துண்டித்து, பிளக் துளையில் கம்ப்ரஷன் கேஜை மாட்டி, ஆக்ஸிலேட்டரை முழுதாக மிதித்து ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். குறைந்தது 930 கிலோபாஸ்கல் (135 பிஎஸ்ஐ) வர வேண்டும். சிலிண்டர்களுக்குள் வித்தியாசம் 200 கிலோபாஸ்கலைத் தாண்டக் கூடாது. குறைவாக உள்ள சிலிண்டரில் ஒரு டீஸ்பூன் எண்ணெய் விட்டு மறுபடி பாருங்கள். ஏறினால் ரிங்கோ சிலிண்டரோ தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட். கோளாறு மேலே ஹெட்டில் மட்டும் என்றால் பிளாக்கை (சிலிண்டர்கள் உள்ள அடிப்பகுதி) இறக்கவே வேண்டாம்.

இடம்

கூரையும் சிமெண்டுத் தரையும் வேண்டும். செம்பனை லோரி போகும் செம்மண் சாலையோரம் என்றால் தார்ப்பாய் கட்டி மறையுங்கள். பேரிங்கில் ஒட்டும் தூசு கிராங்க்கை (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) கீறிவிடும். ஒரு டன் கிரேனை வாடகைக்கு எடுக்கலாம். இன்ஜின் ஸ்டாண்ட், டார்க் ரெஞ்ச், ஃபீலர் கேஜ், பிளாஸ்டிகேஜ் (நசுங்கிய அகலத்தால் பேரிங் இடைவெளியைக் காட்டும் மெல்லிய இழை), ரிங் கம்ப்ரஸர், இவை கண்டிப்பாக வேண்டும். மைக்ரோமீட்டரும் போர் கேஜும் (சிலிண்டர் துளையை அளக்கும் கருவி) இல்லையென்றால் அந்த அளவுகளை ஈப்போ மெஷின் ஷாப்பில் எடுத்துக்கொள்ளலாம்.

பழைய எண்ணெயை லொங்காங்கில் (சாக்கடையில்) ஊற்றாதீர்கள். மலேசியச் சட்டப்படி அது எஸ்டபிள்யூ 305 என்ற வகைக் கழிவு. கேனில் பிடித்து, கழிவு எண்ணெய் சேகரிக்கும் ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள்.

பிரித்தல்

முதலில் பேட்டரி நெகட்டிவ், பிறகு பெட்ரோல் அழுத்தம், பிறகு கூலன்ட். ஒவ்வொரு சாக்கெட்டையும் கழற்றும் முன் படம் எடுத்து, டேப்பில் எண் எழுதி ஒட்டுங்கள். கியர்பாக்ஸோடு சேர்த்து இறக்கி, பிறகு பிரிப்பது சுலபம்.

பி சீரிஸ் இன்ஜின் புல்லி பக்கமிருந்து பார்த்தால் இடஞ்சுழியாகச் சுழலும். மற்ற கார் பழக்கத்தில் வலஞ்சுழியாகச் சுற்றினால் டைமிங் பெல்ட் பல் தாவக்கூடும்.

ஹெட் போல்ட்டுகளை இன்ஜின் முழுதாக ஆறிய பிறகே தொடுங்கள். ஓரத்திலிருந்து நடுவை நோக்கி, தடவைக்கு மூன்றில் ஒரு சுற்றாகத் தளர்த்துங்கள். ஒரே போல்ட்டை மொத்தமாகக் கழற்றினால் ஹெட் வளைந்துவிடும். 0.05 மி.மீ.க்கு மேல் வளைந்திருந்தால் மெஷின் ஷாப் வேலைதான்.

பிஸ்டனை வெளியே தள்ளும் முன் சிலிண்டர் மேல்விளிம்பில் உள்ள கரியைச் சுரண்டி எடுங்கள். இல்லையென்றால் ரிங் மாட்டி, பிஸ்டன் உடையலாம். ராட் (பிஸ்டனையும் கிராங்க்கையும் இணைக்கும் தண்டு) போல்ட்டுகளில் பழைய பெட்ரோல் ஹோஸ் துண்டைச் செருகினால் கிராங்க் கீறாது. ராட் மூடியும் ராடும் ஜோடி. மாற்றிப் போட்டால் துளை வட்டமாக இருக்காது.

மெஷின் ஷாப்

பிஸ்டனை முதலில் வாங்கி, அதையும் பிளாக்கோடு கொடுங்கள். பிஸ்டனை அளந்துதான் போர் செய்ய (சிலிண்டர் துளையைக் கடைந்து பெரிதாக்க) வேண்டும். 81.00 மி.மீ. துளையை 81.25 ஆக்கிவிட்டு பிறகு பிஸ்டன் தேடினால் இடைவெளி ஒத்துவராது. டார்க் பிளேட் போட்டு ஹோன் செய்யச் (சாணைக்கல்லால் சிலிண்டர் சுவரை நுணுக்கமாகத் தேய்க்கச்) சொல்லுங்கள். ஹெட் போல்ட் இறுக்கத்தில் சிலிண்டர் சற்றே உருமாறும், அந்த நிலையிலேயே வட்டமாக்குவதற்கு அந்தத் தட்டு.

வேறு பிளாக் வாங்கினால் இன்ஜின் எண்ணும் மாறும். புஸ்பாகோம் போன்ற மையத்தில் வாகனச் சோதனை, ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) பதிவு இரண்டையும் மறக்காதீர்கள்.

கழுவுதல்

பெரும்பாலோர் அவசரப்படுவது இங்கேதான். ஹோன் செய்த கோடுகளுக்குள் கல்தூள் தங்கியிருக்கும், மண்ணெண்ணெய் மட்டும் அதை எடுக்காது. வெந்நீரும் பாத்திரம் கழுவும் சோப்பும் போட்டு பிரஷால் தேயுங்கள். எண்ணெய் வழிகளின் பிளக்கைக் கழற்றி நீள பிரஷ் விடுங்கள். வெள்ளைத் துணியில் எண்ணெய் தடவிச் சிலிண்டரைத் துடைத்தால் துணி சாம்பல் நிறமாகக் கூடாது; அப்படி மாறினால் மறுபடி கழுவுங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் வெறும் இரும்பு வேகமாகத் துருப்பிடிக்கும். உடனே காற்றடித்து உலர்த்தி, எண்ணெய் பூசி, பிளாஸ்டிக் பையால் மூடுங்கள்.

கட்டுதல்

பேரிங்கின் முதுகுப்பக்கம் எண்ணெய் இல்லாமல் காய்ந்திருக்க வேண்டும், முகப்பில் மட்டும் அசெம்பிளி லூப் (கட்டும்போது தடவும் மசகு). அதற்கு முன் பிளாஸ்டிகேஜ் வைத்து, மூடியை முறைப்படி இறுக்கி, கிராங்க்கை அசைக்காமல் கழற்றிப் பாருங்கள். ராட் இடைவெளி ஏறக்குறைய 0.03 முதல் 0.05 மி.மீ. வரை இருக்கலாம். 0.06-ஐத் தாண்டினால் வேறு நிறக்குறியுள்ள பேரிங் தேவை.

ரிங் ஒவ்வொன்றையும் அதற்கான சிலிண்டரில் தனியாக வைத்து, பிஸ்டனால் சமமாகத் தள்ளி, இடைவெளி பாருங்கள். ஸ்டாண்டர்ட் ரிங்கில் மேல் ரிங்குக்கு 0.20 முதல் 0.35, இரண்டாவதற்கு 0.40 முதல் 0.55 மி.மீ. வாங்கிய ரிங்கின் தாளில் வேறு அளவு இருந்தால் அதையே பின்பற்றுங்கள். இடைவெளி குறைந்தால் சூட்டில் முனைகள் முட்டி சிலிண்டரைக் கிழிக்கும்.

பிஸ்டன் அம்பு டைமிங் பெல்ட் பக்கம். சுத்தியல் கைப்பிடியால் மெதுவாகத் தட்டுங்கள், தடுத்தால் நிறுத்துங்கள். ரிங் வெளியே வந்திருக்கும், அழுத்தினால் உடையும். ஒவ்வொரு பிஸ்டனுக்கும் பிறகு கிராங்க்கைச் சுற்றிப் பாருங்கள். திடீரென இறுகினால் கடைசியாகப் போட்டதில்தான் பிழை.

ஹெட் போல்ட்டின் மரையிலும் தலையின் அடிப்பக்கத்திலும் எண்ணெய் தடவி, நடுவிலிருந்து வெளியே, முதலில் 29, பிறகு 85 நியூட்டன் மீட்டர். மற்ற போல்ட்டுகளுக்கு உங்கள் மாடல் மேனுவலைப் பாருங்கள். சிலிகான் பசையை மெல்லிய கோடாகவே போடுங்கள். உள்ளே பிதுங்கியது எண்ணெய்ச் சல்லடையை அடைத்துவிடும்.

பெல்ட் மாட்டியதும் கையால் ஐந்தாறு சுற்று இடஞ்சுழியாகச் சுற்றுங்கள். முட்டினால் ஸ்டார்ட்டரைத் தொடாதீர்கள், குறிகளை மறுபடி பாருங்கள். வால்வு இடைவெளி ஆறிய நிலையில்: இன்டேக் 0.15 முதல் 0.19, எக்ஸாஸ்ட் 0.17 முதல் 0.21 மி.மீ.

முதல் ஸ்டார்ட்

பெட்ரோலும் இக்னிஷனும் துண்டித்த நிலையில், பிளக் இல்லாமல், விட்டுவிட்டுச் சுற்றுங்கள். எண்ணெய் விளக்கு அணைந்த பிறகே எல்லாவற்றையும் மாட்டி உயிர் கொடுங்கள். ஒழுகலையும் சூட்டையும் பார்த்து, ஆறியதும் எண்ணெயும் ஃபில்டரும் மாற்றுங்கள்.

அடுத்து கோலகங்சார் பழைய சாலையில் நடுத்தர வேகத்தில் ஏற்றி, கால் எடுத்து, மறுபடி ஏற்றி ஓட்டுங்கள். ரிங் அமர அழுத்தம் தேவை, சும்மா ஐட்லிங்கில் விட்டால் சிலிண்டர் மழமழப்பாகி எண்ணெய் குடிக்கும். 500 கி.மீ.யில் மறுபடி எண்ணெய் மாற்றி, ஃபில்டரை வெட்டி மடிப்புகளை விரித்துப் பாருங்கள். பளபளக்கும் பேரிங் துகள் தெரிந்தால், விடெக் (உயர் சுற்றில் வால்வைக் கூடுதலாகத் திறக்கும் அமைப்பு) வேலைசெய்யும் சுற்றைத் தொடாமல் ஆயில் பேனை இறக்குங்கள்.