உடலில் மின்சாரம் செலுத்தி மதுவைக் கண்டறிய முயல்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெங்களூரு எஸ்.பி. சாலை மின்னணுக் கடைகளில் எலக்ட்ரோடுகளும் (தோலில் ஒட்டும் மின்முனைகள்) சிறு மின்சுற்றுப் பலகைகளும் வாங்கிக்கொண்டு ஆண்டுதோறும் நம் தமிழ்ப் பிள்ளைகள் என்னிடம் வருகிறார்கள். குடித்தவரைத் தோலை வைத்தே கண்டுபிடிக்கும் கருவி செய்யப்போகிறார்களாம். எங்கள் தலைமுறை விழுந்த குழியிலேயே விழுகிறார்கள். வயர் கழன்றதையெல்லாம் அவர்களே பார்த்துக்கொள்வார்கள், அதை விட்டுவிடுகிறேன்.

முதலில் தெளிவு, பிறகு போதை

இன்றும் எரிச்சலூட்டுவது இதுதான். மணிக்கட்டில் இரண்டு ஜெல் எலக்ட்ரோடுகளை ஒட்டி, 50 கிலோஹெர்ட்ஸில் மின்மறுப்பை, அதாவது மாறுமின்னோட்டத்துக்கு உடல் காட்டும் தடையை, அளப்பார்கள். அவற்றைக் கழற்றாமலே நண்பரைக் குடிக்கவைத்து, ஒரு மணி நேரம் கழித்து மறுபடி அளப்பார்கள். மின்மறுப்பு குறைந்திருக்கும். உடனே கொண்டாட்டம்! ஜெல் தோலில் ஊற ஊற, அடியில் வியர்வை சேரச் சேர, தொடும் இடத்தின் மறுப்பு தானே இறங்கும். மதுவுக்கு அதில் வேலையே இல்லை. இந்த அளவீடுகளை மென்பொருளுக்குப் பயிற்சியாகக் கொடுத்தால் அது கற்றுக்கொள்வது கடிகாரத்தைத்தான்.

ஒரு குழுவில் மதுவைத் தொட்டேயிராத பெண்ணுக்கு மோர் கொடுத்து உட்காரவைத்தேன். கருவியில் சிவப்பு விளக்கு எரிந்தது. ஒரு பருவம் முழுக்கச் சேர்த்த தரவு குப்பைக்குப் போயிற்று. மறுபடி எடுக்க நேரமும் இல்லை.

அதே ஆளை இன்னொரு நாள், அதே நேரத்தில், அதே அளவு பழச்சாறு குடிக்கவைத்து அளந்திருக்க வேண்டும். நான்கு எலக்ட்ரோடு முறையில், இரண்டின் வழியே மின்னோட்டம் போகும், மற்ற இரண்டில் மின்னழுத்தம் அளக்கப்படும்; தொடுமறுப்பின் தொல்லை பெரும்பாலும் ஒழியும். மென்பொருளின் பயிற்சிக்கு எடுத்த ஆளையே சோதனைக்கும் எடுக்காதீர்கள்.

சார்ஜரில் செருகிய லேப்டாப்

பழுது ஏற்பட்டால் சார்ஜர் வழியே வீட்டு மின்சாரம் உடலுக்கு வந்துவிடும். உடலில் எலக்ட்ரோடு இருக்கும்போது பேட்டரி மட்டுமே.

மதுவையே அளக்கிறோம் என்ற நினைப்பு

மதுவில் உள்ள எத்தனால் நீரில் அயனியாகப் பிரிவதில்லை; அதனால் மின்சாரத்தைக் கடத்த உதவாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆம் பிரிவு சொல்லும் வரம்பு 100 மி.லி. ரத்தத்தில் 30 மி.கி. மட்டுமே. அந்தச் சொற்ப அளவு ரத்தத்தின் கடத்துதிறனை அசைத்துவிடாது. நீங்கள் பார்ப்பதெல்லாம் பின்விளைவுகள்: கூடிய இதயத்துடிப்பு, விரிந்த தோல் ரத்தநாளங்கள், வியர்வை, சிறுநீராகப் போன நீர். மாடிப்படி ஏறி வந்தவரிடமும், காய்ச்சல்காரரிடமும் இவற்றில் பாதி இருக்கும். போலீஸார் ஊதச் சொல்லும் மூச்சுக் கருவியில் உள்ள எரிபொருள் கலம் (fuel cell) என்ற உணரியோ எத்தனாலையே ஆக்ஸிஜனேற்றி அளக்கிறது. அந்த வேறுபாட்டை அறிக்கையில் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள்.

நெறிமுறைக் குழுவின் அனுமதி

மனிதர்களை வைத்து நடத்தும் ஆய்வுகளைப் பரிசீலிக்கும் அந்தக் குழுவின் அனுமதி இல்லையென்றால் யாருக்கும் ஊற்றிக் கொடுக்காதீர்கள். இருந்தாலும், அவரை வண்டி ஓட்டிக்கொண்டு திரும்ப விடாதீர்கள்.