துணி துவைப்பதையும் இஸ்திரி போடுவதையும் வீட்டில் பங்கிட்டுக்கொள்வது எப்படி?

கணவன், மனைவி இருவரும் வேலைக்குச் செல்லும், பள்ளிப் பிள்ளைகளும் ஒரு பெரியவரும் உடன் இருக்கும் வீட்டை மனத்தில் வைத்து இந்தச் செய்முறையை எழுதுகிறேன். எங்கள் வீடும் அப்படிப்பட்டதுதான். சென்னை மடிப்பாக்கத்தில், அடுக்குமாடி வீடொன்றில் ஐந்து பேர் வசிக்கிறோம். கணவர் தொழிற்சாலையில் மூன்று ஷிஃப்டுகளிலும் மாறி மாறி வேலை பார்க்கிறார். நான் அலுவலகம் செல்கிறேன். மகன் ஒன்பதாம் வகுப்பிலும் மகள் ஐந்தாம் வகுப்பிலும் படிக்கிறார்கள். மாமியாருக்கு எழுபது வயது நெருங்குகிறது. 7 கிலோ துணி கொள்ளும் வாஷிங் மெஷின் இருந்தும், மூன்றாண்டுகளுக்கு முன்பு வரை அழுக்குத்துணி முழுவதும் என் பொறுப்பிலேயே இருந்தது.

மெஷின் வந்த பிறகு துவைப்பதும் ஒரு வேலையா என்று கேட்பவர்கள் உண்டு. மெஷின் துவைத்து, அலசி, பிழிந்து தரும், அவ்வளவுதான். கட்டிலுக்கு அடியில் கிடக்கும் காலுறையைத் தேடி எடுப்பது, சட்டைப் பையில் பேனா இருக்கிறதா என்று பார்ப்பது, வெள்ளையைத் தனியே பிரிப்பது, மாடிக்குக் கொண்டுபோய்க் காயப்போடுவது, மழை தூறினால் ஓடிப்போய் எடுப்பது, மடிப்பது, இஸ்திரி போடுவது, அவரவர் பீரோவில் வைப்பது ஆகிய அனைத்தும் மனிதக் கைகளுக்கே மிச்சமாகின்றன. மத்திய அரசு 2019-ஆம் ஆண்டில் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபட்ட பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களையும், ஈடுபட்ட ஆண்கள் 97 நிமிடங்களையும் அவற்றில் செலவிட்டார்கள். நாளைக்கு விளையாட்டு வகுப்பு இருக்கிறதே, வெள்ளைச் சீருடை காய்ந்துவிட்டதா என்று இரவு பத்து மணிக்குப் பாத்திரம் கழுவிக்கொண்டே யோசிப்பதை எந்த நிமிடத்தில் சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை. பங்கிட வேண்டியதில் இந்த யோசனையும் அடக்கம் என்பதை மறந்ததால்தான் எங்கள் முதல் முயற்சி தோற்றது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதல் படி: ஒரு வாரம் எண்ணிப் பாருங்கள்

குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒரு தாளை ஒட்டி, ஏழு நாள்களுக்கு, துவைக்கப் போகும் ஒவ்வொரு உருப்படியையும் குறித்துவையுங்கள். எங்கள் வீட்டில் 112 உருப்படிகள் வந்தன. அவற்றுள் இஸ்திரி தேவைப்பட்டவை 34. அந்தத் தாளைப் பார்த்த பிறகுதான், ஒரே நாளில் மூன்று துண்டுகளை அழுக்காக்கும் பழக்கம் யாருக்கு இருக்கிறது என்பதும் வெளிச்சத்துக்கு வந்தது.

மெஷினில் குறிப்பிட்டிருக்கும் கிலோ கணக்கு காய்ந்த துணியின் எடையைக் குறிப்பது. எடை பார்க்கும் கருவி வீட்டில் இருந்தால், துணிக் கூடையைக் கையில் வைத்துக்கொண்டு ஏறி நின்று, பிறகு வெறும் கூடையுடன் ஏறி நின்று, வித்தியாசத்தைப் பாருங்கள். கருவி இல்லையென்றால், துணியைப் போட்ட பிறகு மேலே ஒரு கை எளிதாக நுழையும் அளவுக்கு இடம் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். திணித்துத் துவைத்தால் சோப்பு சரியாக அலசப்படாது; கசங்கலும் அதிகமாகும்; அந்தக் கசங்கல் அப்படியே இஸ்திரி மேசைக்கு வந்து சேரும். எங்கள் கணக்குக்கு வாரத்தில் ஐந்து முறை மெஷின் ஓட வேண்டும் என்று தெரிந்துகொண்டோம்.

இரண்டாம் படி: கூடைகளைப் பிரியுங்கள்

குளியலறை வாசலில் இருந்த ஒரே பெரிய கூடையை எடுத்துவிட்டு நான்கு பிளாஸ்டிக் கூடைகளை வைத்தோம். பள்ளிச் சீருடைகளுக்கும் வெள்ளைத் துணிகளுக்கும் ஒன்று, அன்றாட வண்ணத் துணிகளுக்கு ஒன்று, எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய தொழிற்சாலை உடைகளுக்கு ஒன்று, படுக்கை விரிப்புகளுக்கும் துண்டுகளுக்கும் ஒன்று. கழற்றும்போதே உரிய கூடையில் போட்டுவிட்டால், பிரிப்பது என்ற தனி வேலையே இல்லாமல் போகிறது. புதிதாக வாங்கிய சுங்குடிச் சேலை போன்ற சாயத் துணிகளை முதல் சில முறை வாளியில் தனியாகத் துவைக்க வேண்டும். இந்த விதியை எழுதக் காரணம், மகனின் நான்கு வெள்ளைச் சட்டைகள் ஒரே நாளில் இளஞ்சிவப்பாக மாறியதுதான்.

மூன்றாம் படி: ஒரு கூடை முழுவதும் ஒருவருடையது

நாங்கள் முதலில் வேலையைக் கட்டம் கட்டமாகப் பிரித்தோம். நான் மெஷினில் போடுவேன்; கணவர் காயப்போடுவார்; மகன் எடுத்து வருவான்; மகள் மடிப்பாள். கேட்பதற்கு நியாயமாகத் தோன்றிய இந்த ஏற்பாடு இரண்டே வாரத்தில் குலைந்தது. கணவர் இரண்டாம் ஷிஃப்டுக்குக் கிளம்பிப் போன நாளில், பிழிந்த துணி மெஷினுக்குள்ளேயே இரவு முழுவதும் கிடந்து நாற்றமெடுத்தது. மகன் டியூஷனில் இருந்தபோது மழை வந்து, காய்ந்த துணி மறுபடியும் நனைந்தது. ஒவ்வொருவரும் முந்தைய ஆளுக்காகக் காத்திருந்தார்கள். யார் எங்கே விட்டார்கள் என்பதைக் கண்காணிக்கும் வேலை மட்டும் பழையபடி என்னிடமே இருந்தது. கைவேலை குறைந்து, கங்காணி வேலை கூடியதுதான் கண்ட பலன்.

ஆகவே கட்டங்களைப் பிரிப்பதை விட்டுக் கூடைகளைப் பிரித்தோம். ஒரு கூடையை ஏற்றுக்கொண்டவர், அது நிறைந்துவிட்டதா என்று பார்ப்பதில் தொடங்கி, கடைசித் துணி பீரோவுக்குப் போகும் வரை அனைத்துக்கும் பொறுப்பு. தொழிற்சாலை உடைகளும் படுக்கை விரிப்புகளும் கணவருடையவை. தன்னுடையதும் தங்கையுடையதுமான சீருடைகள் மகனுடையவை. வண்ணத் துணிகள் என்னுடையவை. மகள் காலுறைகளையும் கைக்குட்டைகளையும் ஜோடி சேர்த்து, எல்லோருடைய துண்டுகளையும் மடித்து அடுக்குவாள். மாமியாருக்கு எதையும் ஒதுக்க வேண்டாம் என்றுதான் நினைத்தோம். ஆனால் தம் பருத்திச் சேலைகளை மெஷினில் போட அவர் எக்காலத்திலும் சம்மதித்ததில்லை. கஞ்சி வடித்து, பதம் பார்த்து, சேலையை முக்கிப் பிழிந்து உதறுவதில் அவருடைய கைக்கு ஈடு இந்த வீட்டில் யாருமில்லை. எனவே கஞ்சி போட வேண்டிய துணிகள் எல்லாம் அவருடைய பொறுப்பு என்று அவரே சொல்லிவிட்டார். வாளியைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறுவது மட்டும் மகனின் வேலை.

இந்தப் படியில் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. ‘உதவி செய்கிறேன்’ என்ற சொல்லை வீட்டில் யாரும் பயன்படுத்த வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்; உதவி என்றால், வேலை வேறொருவருடையது என்றாகிவிடும். இரண்டாவது கடினமானது: நினைவூட்டக் கூடாது. மகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் கிரிக்கெட் ஆடிவிட்டு, திங்கட்கிழமை காலையில் ஈரச் சட்டையை மின்விசிறிக்கு அடியில் பிடித்துக்கொண்டு நின்றான். மாமியார் என்னைப் பார்த்து, “பாவம்மா, புள்ள ஸ்கூலுக்குப் போகணும், நீயாவது ஒரு நிமிஷம் தேய்ச்சுக் குடுக்கக் கூடாதா?” என்றார். “அவன் கூடை அத்தை, அவனே பார்த்துக்குவான்” என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போய்விட்டேன். உள்ளே போனதும் மனம் அடித்துக்கொண்டது உண்மை. அதன் பிறகு சீருடைக் கூடை பெரும்பாலும் சனிக்கிழமை மாலைக்குள் காலியாகிவிடுகிறது.

நான்காம் படி: நாளையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்

மெஷின் ஒன்றுதான் என்பதால், யாருக்கு எந்த நாள் என்பதைக் காலண்டரில் எழுதிவைக்க வேண்டும். ஷிஃப்டில் வேலை பார்ப்பவருக்குக் கிழமை பொருந்தாது. அவருடைய ஷிஃப்டைக் கொண்டே நேரத்தை வகுக்க வேண்டும். இரவு ஷிஃப்டு வாரத்தில் கணவர் காலையில் வீடு திரும்பியதும் மெஷினைப் போட்டுவிட்டுக் குளித்து, சாப்பிட்டு, துணியைக் கொடியில் போட்ட பிறகே தூங்கப் போகிறார். பகல் ஷிஃப்டு வாரத்தில் அதே வேலை மாலைக்கு மாறுகிறது.

அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழைக் காலத்துக்குத் தனி அட்டவணை தேவை. அந்த மாதங்களில் பெரிய மூட்டையாகச் சேர்த்துவைத்துத் துவைக்காமல், காயப்போட எவ்வளவு இடம் இருக்கிறதோ அவ்வளவு மட்டுமே துவைக்க வேண்டும். பிழியும் வேகத்தைக் கூட்டி, ஸ்டாண்டில் துணிக்குத் துணி இடைவெளி விட்டு, மின்விசிறிக்குக் கீழே வைத்தால் பருத்திச் சட்டை ஓர் இரவில் காய்ந்துவிடும், ஜீன்ஸ் காயாது. மழைக்காலத்தில் ஜீன்ஸ் அணிய ஆசைப்படுபவர் அதைத் தாமே உலர்த்திக்கொள்ள வேண்டும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம்.

எங்களைப் போல ஆழ்துளைக் கிணற்றின் உப்புத் தண்ணீரை நம்பியிருப்பவர்களுக்கு இன்னொன்று. உப்புத் தண்ணீரில் நுரை குறைவாக வருகிறது என்று தூளை அள்ளிப் போட்டால், அது துணியில் தங்கி வெள்ளையைச் சாம்பல் நிறமாக்கும். தூளை அளவாகப் போட்டு, கூடுதலாக ஒருமுறை அலசுவது நல்லது. மெஷினுக்குள் படியும் வெள்ளைப் படிவை எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்) போட்டு, துணி இல்லாமல் வெந்நீரில் ஓட்டி அவ்வப்போது நீக்க வேண்டும்.

ஐந்தாம் படி: ஒப்படைக்கும் முன் கற்றுக்கொடுங்கள்

பையைத் துழாவுவது முதல் பாடம். பேனா, டிஷ்யூ தாள், பேருந்துச் சீட்டு ஆகிய மூன்றும் ஒரு கூடைத் துணியையே பாழாக்க வல்லவை. அடுத்தது கறை. சாம்பார் மஞ்சள் பட்ட இடத்தில் சோப்பு போட்டதும் அது சிவப்பாக மாறுவதைப் பார்த்து மகள் பயந்துவிட்டாள். மஞ்சளில் உள்ள நிறப்பொருள் காரம் பட்டால் சிவக்கும். நன்றாக அலசிவிட்டால் மறுபடி மஞ்சளாகும். வெயிலில் இரண்டொரு நாள் காய்ந்தால் பெரும்பாலும் மங்கிவிடும். இரத்தக் கறையைப் பச்சைத் தண்ணீரில்தான் அலச வேண்டும். வெந்நீர் பட்டால் கறை இறுகிவிடும். பந்து முனைப் பேனாவின் மைக்குக் கை சுத்திகரிப்பான் பயன்படும். வாழைக்கறைக்கு என்னிடம் மருந்து இல்லை. வாழைப்பூ ஆயும்போது பழைய துணி உடுத்துவதே ஒரே வழி.

மெஷின் நின்றவுடன் எடுத்து, ஒவ்வொன்றையும் ஓங்கி ஒருமுறை உதறிக் காயப்போட வேண்டும். சட்டையை ஹேங்கரில் மாட்டி, கழுத்துப்பட்டியையும் பொத்தான் பட்டியையும் கையால் நீவிவிட்டால் இஸ்திரி வேலை பெருமளவு மிச்சமாகும். வண்ணத் துணிகளை உட்புறம் வெளியே வரும்படி திருப்பிப் போட்டால் வெயிலில் நிறம் வெளிறாது.

ஆறாம் படி: இஸ்திரிக்கு எது, யாருக்கு எது

முதலில் எவற்றுக்கு இஸ்திரி வேண்டாம் என்று முடிவெடுங்கள். தலையணை உறை, இரவு உடை, வீட்டில் உடுத்தும் டீ-ஷர்ட் ஆகியவற்றை மடித்து வைத்தாலே போதும். இஸ்திரி தேவைப்படும் எங்கள் 34 உருப்படிகளில், பள்ளிப் பேன்ட்டுகளும் மடிப்பு வைத்த பாவாடைகளுமாக 10, கணவரின் பேன்ட்டுகள் 3, என் சேலைகள் 2 என்று 15 உருப்படிகள் தெருமுனை இஸ்திரி வண்டிக்குப் போகின்றன. மடிப்புப் பாவாடைக்குச் செலவாகும் நேரத்தைக் கணக்கிட்டால் அந்தக் கூலி நியாயமானதே. கரிப்பெட்டியின் கனம் சேலையில் ஏற்படுத்தும் விறைப்பு வீட்டுப் பெட்டியில் வராது. எண்ணிக் கொடுத்து, எண்ணி வாங்கி, கணக்கு நோட்டில் குறிக்கும் பொறுப்பு மகளுடையது.

மீதமுள்ள 19-ஐ அந்தந்தக் கூடைக்காரர் தேய்க்கிறார். ஓர் உருப்படிக்கு நான்கைந்து நிமிடங்கள் என்றால், மூவருக்கும் சேர்த்து ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் ஆகிறது. 1000 வாட் பெட்டி ஒரு மணி நேரம் இடைவிடாமல் எரிந்தால் 1 யூனிட் செலவாகும். சூடு ஏறியதும் தானே அணைந்து எரிவதால் உண்மையில் அதைவிடக் குறைவே. ஒவ்வொரு சட்டைக்கும் ஒருமுறை பெட்டியைச் சூடாக்குவதைவிட ஒரே அமர்வில் முடிப்பது சிக்கனம்.

புதிதாகக் கற்பவர் பாலியஸ்டர் போன்ற குறைந்த சூட்டுத் துணிகளில் தொடங்கிக் கடைசியில் பருத்திக்கு வர வேண்டும். பெட்டி விரைவாகச் சூடேறும், ஆறுவதற்கு நேரமாகும். துணியின் உட்புறப் பட்டியில் உள்ள இஸ்திரிப் பெட்டிப் படத்தில் ஒரு புள்ளி இருந்தால் குறைந்த சூடு, இரண்டு இருந்தால் நடுத்தரம், மூன்று இருந்தால் அதிகச் சூடு என்று பொருள். சட்டையை இலேசாகத் தண்ணீர் தெளித்துச் சுருட்டி வைத்துவிட்டு, கழுத்துப்பட்டி, தோள், கைப்பட்டி, கை, கடைசியாக உடல் என்ற வரிசையில் தேய்த்தால், தேய்த்த இடம் மீண்டும் கசங்காது. கருநிறத் துணிகளை உட்புறம் திருப்பித் தேய்த்தால் பளபளப்புத் தடம் விழாது. மகன் முதல் ஒரு மாதம் கணவரின் பார்வையில் மட்டுமே பெட்டியைத் தொட்டான். ஈரக் கையோடு பிளக்கைத் தொடக் கூடாது, வயர் தொங்கக் கூடாது, கதவு மணி அடித்தாலும் சுவிட்சை அணைத்து, பெட்டியை நிமிர்த்தி வைத்த பிறகே நகர வேண்டும் என்ற மூன்றையும் அவனே ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினான். மகளுக்கு இன்னும் பெட்டியைக் கொடுக்கவில்லை.

ஏழாம் படி: அவ்வப்போது மாற்றியமையுங்கள்

கணவர் மடிக்கும் படுக்கை விரிப்பு பீரோவில் முனை துருத்திக்கொண்டு நிற்கும். அதைப் பிரித்து நான் மறுபடி மடித்த நாளில் அவர் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரம் மடிக்காமலே வைத்துவிட்டார். துணி சுத்தமாகவும் காய்ந்தும் இருக்க வேண்டும் என்பது மட்டுமே பொது விதி, மடிப்பின் அழகு கூடைக்காரரின் விருப்பம் என்று அன்று பேசி முடித்தோம். தேர்வு வாரங்களில் சீருடைக் கூடையை நான் எடுத்துக்கொள்கிறேன். அதற்கு ஈடாக, விடுமுறையில் மகன் வண்ணத் துணிகளைப் பார்த்துக்கொள்கிறான். அடுத்த ஆண்டு அவனுக்குப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு வருவதால், மே மாத விடுமுறையில் மகளுக்கு மெஷினை இயக்கக் கற்றுக்கொடுக்கப் போவதாக அவனே பேச்சு வார்த்தையைத் தொடங்கியிருக்கிறான். சம்பளம் எவ்வளவு என்று அவள் கேட்டிருக்கிறாள்.